முதல் பிசிடி எது வாங்கலாம்? டெக்னிக்கல் டைவிங் ஆசை உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க டைவிங் வகுப்பை முடித்தவர்களில் பெரும்பாலானோர் 18 மீட்டரிலேயே சந்தோஷமாக இருந்துவிடுவார்கள். பவளம், ஆமை, நான்கு நல்ல படம், போதும். வேறு சிலர் அப்போதே மட்டக்களப்புப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அங்கே சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதைத் தாண்டி அந்தக் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒழுங்காக மேலே வர வேண்டுமானால் இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, வழியில் நின்று நின்று ஏறும் டிகம்ப்ரஷன் எல்லாம் வேண்டும். அதற்கெல்லாம் சில வருடங்கள் ஆகும். ஆனால் பிசிடியை, அதாவது சிலிண்டரை உடம்போடு தாங்கி, காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் கருவியை, இப்போதே வாங்க வேண்டியிருக்கிறதே, எதை வாங்குவது? இந்த அலசல் அவர்களுக்குத்தான்.

கடையில் மூன்று வகை வைத்திருப்பார்கள். உடம்பைச் சுற்றிக் காற்று நிரம்பும் ஜாக்கெட், முதுகில் உலோகத் தகடும் அதன் பின்னால் காற்றுப்பையும் கொண்ட பேக்ப்ளேட்-விங், சிலிண்டரை இடுப்புக்குப் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்ட். ஜாக்கெட்டுக்கும் விங்குக்கும் நடுவில் பஞ்சு வைத்த மெத்தென்ற பேக்-இன்ஃப்ளேட் என்று ஒன்றும் உண்டு. அது ஜாக்கெட்டைவிட நன்றாகத்தான் மிதக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் இரட்டைச் சிலிண்டர் மாட்ட வழியில்லை. நம் கேள்விக்கு அது விடை இல்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நம் பக்கத்து டைவ் சென்டர்களில் பொதுவாகக் கிடைப்பது 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 207 பார் அழுத்தம், எல்லோரும் 'ஏ.எல். 80' என்று சொல்வது. நிரம்பியிருக்கும்போது கடல்நீரில் அது முக்கால் கிலோ அளவுக்குக் கனக்கும். காலியானால் இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். நடுவில் நீங்கள் சுவாசித்துத் தீர்த்த காற்றின் எடை சுமார் 2.7 கிலோ. அப்புறம் 3 மி.மீ. நியோப்ரீன் உடை. நடுத்தர உடம்புக்காரருக்கு அது மேற்பரப்பில் ஏறக்குறைய இரண்டு கிலோ மிதப்பு தரும். 30 மீட்டரில் நசுங்கி அதில் பெரும்பகுதி போய்விடும். ஆக நம் வெதுவெதுப்பான தண்ணீரில், ஒற்றைச் சிலிண்டரில், பிசிடி ஈடுகட்ட வேண்டியது மொத்தமே ஐந்து கிலோவுக்குள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியை வடிகட்டிவிடலாம்.

ஜாக்கெட்டிலிருந்து தொடங்குவோம். எல்லோரும் அதைத் திட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது, ஆனால் கற்றுக்கொள்ளும் இடத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மேற்பரப்பில் பொத்தானை அழுத்தினால் உங்களை நிமிர்த்தி, தலையை அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். பதற்றத்தில் இருக்கும் புதியவருக்கு அது பெரிய ஆறுதல். பைகள் உண்டு, மிதப்பை அடக்கும் ஈயக்கட்டி வைக்க இடம் உண்டு, பத்துப் பேருக்கு வாடகைக்குக் கொடுக்க வசதி.

பிரச்சினை தண்ணீருக்குள் போனதும்தான். காற்று விலா, இடுப்பு என்று உடம்பைச் சுற்றி இருக்கிறது. ஈயம் இடுப்பில் இருக்கிறது. விளைவு, மார்பு மேலே, கால் கீழே. புதிய டைவர்கள் மணலைக் கிளப்பிக்கொண்டே போவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சாய்வு. போதாக்குறைக்கு உள்ளே வைத்த பஞ்சே கொஞ்சம் மிதக்கும், அதை அமுக்க இன்னொரு ஈயக்கட்டி. டெக்னிக்கல் பக்கம் போகிறவருக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது: ஜாக்கெட்டில் எதையும் தனியாகக் கழற்றி மாற்ற முடியாது. இரட்டைச் சிலிண்டர் வந்த அன்று முழுதாக மூலையில் போட வேண்டியதுதான். ஆகவே ஜாக்கெட்டை வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்காதீர்கள்.

பேக்ப்ளேட் ஃப்ளோரிடாவின் குகை டைவர்கள் நடுவில் வளர்ந்த அமைப்பு. ஒரு தகடு, அதன் வழியாக ஓடும் 5 செ.மீ. அகல ஒற்றை நாடா, தொடைகளுக்கு நடுவே வரும் கவட்டுப்பட்டை, ஐந்து டி-வளையம், ஒரு பக்கிள். வில்லியம் ஹோகார்த் மெய்ன் என்ற குகை டைவரின் பெயரால் இந்த நாடா அமைப்பை ஹோகார்தியன் என்கிறார்கள். முதல் பார்வையில் ஏதோ அரைகுறையாகத் தைத்து விட்டதுபோல் தெரியும். பஞ்சு இல்லை, பை இல்லை, அவிழ்க்கத் தோளில் பக்கிள்கூட இல்லை.

அதில் கவனிக்க வேண்டியது தகட்டில் மேலும் கீழுமாக 11 அங்குல இடைவெளியில் இருக்கும் இரண்டு துளைகளை. அந்த இடைவெளி உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நிறுவனத்தின் தகட்டில் இன்னொன்றின் விங்கை மாட்டலாம். ஒற்றைச் சிலிண்டருக்கு அடாப்டரும் இரண்டு பட்டையும் போட்டு ஓட்டலாம். நாளை இரட்டைச் சிலிண்டர் வரும்போது அதன் பட்டைகளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் இதே இரண்டு துளையில் உட்காரும். தகடு அதே தகடு, நாடா அதே நாடா, வளையங்கள் கை பழகிய அதே இடத்தில். மாறுவது விங் மட்டும். புதிதாக ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் கற்க வேண்டிய டெக்னிக்கல் வகுப்பில், வளையம் எங்கே என்று கை தேடாமல் இருப்பது சின்ன லாபம் இல்லை.

எடையும் சரியான இடத்தில் வருகிறது. ஸ்டீல் தகடு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். அது நுரையீரலுக்கு நேர் மேலே, மிதப்பு அதிகமாக இருக்கும் இடத்தில், உட்காருகிறது. இடுப்பு ஈயம் அந்த அளவுக்குக் குறைகிறது, கால் தானாக மேலே வருகிறது. 3 மி.மீ. உடையில் ஒல்லியான ஆளுக்கு ஈயமே வேண்டாம் என்ற நிலைகூட வரலாம். வரட்டும், ஆனால் டைவ் முடிவில், ஐம்பது பார் மீதியில், 5 மீட்டரில் காற்றில்லாத விங்கோடு நிற்க முடிகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கே நிற்க முடியாமல் மேலே போய்விடுவது பொழுதுபோக்கு டைவில் சங்கடம். டிகம்ப்ரஷன் டைவில் அது நேராக மருத்துவமனைக்கு வழி.

மேற்பரப்பில் விங் உங்களை முகம் குப்புறத் தள்ளும் என்று ஒரு புகார் உண்டு. அளவுக்கு மீறி ஊதினால் தள்ளும். பாதி ஊதி, கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் தள்ளாது. கவட்டுப்பட்டை தளர்வாக இருந்தாலும் இதே தொல்லைதான், தகடு கழுத்து வரை ஏறிவிடும்.

நாடாவைச் சரிசெய்வதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். அணிந்தபின் தோள் நாடாவுக்கு அடியில் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். ஜாக்கெட் பழக்கத்தில் எல்லோரும் இறுக்கிவிடுவார்கள். இறுக்கினால் பின்னால் இருக்கும் வால்வை எட்ட முடியாது, வால்வை எட்டாதவருக்கு இரட்டைச் சிலிண்டர் வகுப்பில் இடமில்லை. நீளம் உறுதியாகும் வரை நாடாவை வெட்டாதீர்கள். வெட்டியபின் முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

இனி விங்கின் அளவு. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 'எப்படியும் டெக்னிக்கல் போகப்போகிறோம்' என்று 27 கிலோ தூக்கும் இரட்டைச் சிலிண்டர் விங்கை முதலிலேயே வாங்கி ஒற்றைச் சிலிண்டரில் மாட்டுவார்கள். அந்த அகலமான பை சிலிண்டரின் இருபுறமும் மசாலாவைச் சுற்றி மடித்த தோசை மாதிரி எழும்பி நிற்கும். காற்று ஒரு பக்க மடிப்பில் சிக்கும், திரும்பினால் மறுபக்கம் ஓடும், வெளியேற்ற முயன்றால் வால்வுக்கு வராது. மேலே போட்ட ஐந்து கிலோ கணக்கோடு, மேற்பரப்பில் தலை நன்றாக வெளியே நிற்கவும் தாராளம் சேர்த்தாலும் ஒற்றைக்கு 13, 14 கிலோ விங் போதும். நம் தண்ணீரில் அலுமினிய இரட்டைக்கு 18 முதல் 20 கிலோ. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று விற்கப்படும் விங்குகள் இரண்டிலும் சுமார்தான். விங்கைத் தனித்தனியாக வாங்குங்கள், இரண்டாவதை அந்த வகுப்பு வரும்போது வாங்குங்கள்.

தகடு ஸ்டீலா அலுமினியமா? இதற்கு விடை எந்தச் சிலிண்டர் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. அலுமினிய இரட்டை காலியாகும்போது நான்கு கிலோ மேலே இழுக்கும். அதை அடக்க ஸ்டீல் தகடு பொருத்தம். வெட்சூட்டில், அதாவது நியோப்ரீன் உடையில், கனமான ஸ்டீல் இரட்டையோடு ஸ்டீல் தகடும் சேர்ந்தால் கதை வேறு. ஆழத்தில் விங் கிழிந்தால் துடுப்படித்து ஏற முடியாத அளவுக்குக் கனம், கழற்றிப் போட ஈயமும் கிடையாது. விமானத்தில் 15 கிலோவுக்குள் பெட்டி கட்டி போர்ட் பிளேர் போகிறவருக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கும் அலுமினியத் தகடு ஆசை காட்டும். அங்கே போய் ஈயத்தை வாடகைக்கு வாங்கி இடுப்பில் கட்டினால் சாய்வு திரும்பி வரும், அதனால் ஈயத்தைச் சிலிண்டர் பட்டையில் கோக்க இரண்டு சின்னப் பை கூடவே வாங்கிவிடுங்கள்.

சைட்மவுண்டின் பிறப்பு பிரிட்டனின் குறுகலான நீர்க்குகைகளிலும் ஃப்ளோரிடாவிலும். முதுகில் சிலிண்டர் இருந்தால் நுழையவே முடியாத பொந்துகள் அவை. மெக்சிகோவின் செனோத்தே குகைகளில் இன்று அதற்குப் பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது. நல்ல விஷயங்கள் நிஜமானவை. இரண்டு வால்வும் கண்ணெதிரே, அக்குளுக்குக் கீழே. எங்கே கசிகிறது என்று பார்த்தே மூடலாம். முதுகுவலிக்காரர் சிலிண்டரைத் தண்ணீரிலேயே மாட்டிக்கொள்ளலாம். மேனிஃபோல்டு (இரண்டையும் இணைக்கும் குழாய்) போட்ட இரட்டைச் சிலிண்டர் இல்லாத ஊரில் சாதாரண ஏ.எல். 80 இரண்டை எடுத்தால் வேலை முடிந்தது. இந்தியாவில் இந்தக் கடைசிக் காரணத்துக்கு நிறைய மதிப்பு உண்டு.

ஆனால் முதல் பிசிடியாக அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அலுமினிய சிலிண்டர் பாதி தீர்ந்ததும் அதன் அடிப்பாகம் மேலே எழும்ப ஆரம்பிக்கும். கொக்கியை இடுப்பின் பின்வளையத்திலிருந்து கழற்றி முன்வளையத்துக்கு மாற்றினால்தான் சிலிண்டர் உடம்போடு ஒட்டிப் படுக்கும். இதற்கிடையே இரண்டு பக்கமும் சமமாகத் தீர வாய்க்கருவியை மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். மிதப்பே இன்னும் கைவராத ஒருவருக்கு இது கூடுதல் சுமை. அலை ஆடும் சிறிய ஃபைபர் படகில் நீங்கள் குனிந்து கொக்கி மாட்டும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் முகத்தில் தெரியும். தவிர சைட்மவுண்ட் பை வேறெதற்கும் உதவாது. ஒற்றைச் சிலிண்டரை முதுகில் மாட்ட அதே சட்டத்தில் பெரும்பாலும் இடமிருக்காது. குகைதான் கனவு என்றால், அல்லது முதுகு நிஜமாகவே ஒத்துழைக்காது என்றால், நேராக அங்கே போகலாம். அப்போதும் அந்த வகுப்பை அதில் நெடுநாள் டைவ் செய்த ஆசிரியரிடம் படியுங்கள்.

பயிற்சி எங்கே படிக்கப் போகிறீர்கள் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ் வகுப்புக்கு பேக்ப்ளேட்டும் விங்கும் கட்டாயம். மற்ற சில அமைப்புகளின் தொடக்க டெக்னிக்கல் வகுப்புகளைச் சைட்மவுண்டிலும் செய்யலாம். இரட்டைக் காற்றுப்பை கொண்ட விங் வேண்டுமா என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் கருத்து மாறும். ஒருவர் கட்டாயம் என்பார், இன்னொருவர் அதைக் கழற்றச் சொல்வார். அதை அவரைச் சந்திக்கும் முன் வாங்காதீர்கள்.

பழையது வாங்கலாமா என்றால், தகட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அது கெட்டுப்போக வழியில்லை. விங்கை அப்படி வாங்காதீர்கள். விற்பவர் வீட்டிலேயே இறுக்கமாக ஊதி வைத்துவிட்டு மறுநாள் காலை அதே இறுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அமுக்கி விடுங்கள், மணல் நெருடுவதுபோல் உள்ளே சிக்கினால் உப்பு படிந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்துவிடலாம், அல்லது புதிது மாற்றிவிடலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். காற்றுப்பையின் தையலோரம் பிரிந்திருந்தால் மட்டும் பேரமே பேசாமல் வந்துவிடுங்கள்.