பாதி பார்த்த படங்களுக்கு ஒரு கணக்குக் கொப்பி: 52 வாரச் சவாலும் லெட்டர்பொக்ஸ்டும்

ஜனவரியில் "இந்த வருஷம் வாரத்துக்கு ஒரு படம், மொத்தம் 52" என்று வட்ஸ்அப் குழுவில் போட ஒரு நிமிஷம் போதும். மார்ச் வரும்போது யார் எத்தனையாவது படத்தில் நிற்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கணக்கைப் பிடித்து வைக்கத்தான் லெட்டர்பொக்ஸ்ட். 2011 இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் தொடங்கிய சேவை. இணையதளமாகவும் இருக்கிறது, போன் செயலியாகவும் இருக்கிறது. இதில் படம் ஓடாது. இறக்கிவிட்டு "படத்தைக் காணோமே" என்று அழித்துவிடாதீர்கள். பார்த்ததைத் திகதியோடு குறிக்கலாம், பார்க்க இருப்பதைப் பட்டியல் போடலாம், ஐந்து நட்சத்திரத்துக்கு அரை அரையாகப் புள்ளி கொடுக்கலாம், நாலு வரி எழுதலாம். வேலை அவ்வளவுதான். அதைச் சுத்தமாகச் செய்கிறது.

ஆனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்து இந்தச் சவாலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயதுப் படங்களில்தான் கை வைப்பார்கள். செயலி நமக்குப் பொருந்தாமல் போகிற இடமும் அதுதான்.

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கண் வடிவில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் "பார்த்தது" என்று விழும். எப்போது பார்த்தது என்று கேட்காது, முழுதாகப் பார்த்ததா என்றும் கேட்காது. 80களிலும் 90களிலும் நம்ம பக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு "பார்த்த படம்" என்றால் என்ன? வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரை முற்றத்தில் போட்டு, ஒரே இரவில் மூன்று படம். முதலாவதில் நல்ல முழிப்பு. இரண்டாவதில் அரை நித்திரை. மூன்றாவது, விடிந்த பிறகு பெரியவர்கள் வாயால் கேட்ட கதை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மின்சாரம் எட்டாத ஊர்களில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் முடிந்த இடத்தோடு படமும் முடிந்தது. இந்த மூன்றுக்கும் செயலியில் ஒரே கண்தான். "பாதி பார்த்தது" என்று ஒரு பொத்தான் இல்லை.

இதனால் நடக்கிற கூத்து இது. கணக்குத் திறந்த முதல் இரவு, ஞாபகம் வருகிற படத்துக்கெல்லாம் கண்ணை அழுத்திக்கொண்டே போவோம். அடுத்த நாள் சவால் பட்டியலைத் திறந்தால் ஒரு படமும் பார்க்காமலே 40 வீதம் முடிந்ததாகக் காட்டும். பட்டியலின் முன்னேற்றக் கணக்கு கண் குறியைத்தான் எண்ணுகிறது, இந்த ஆண்டில் பார்த்ததா என்று பார்ப்பதில்லை. அதோடு, ஏற்கெனவே குறி விழுந்த படத்தை மறுபடி பார்க்கிற எண்ணமும் போய்விடும். உண்மையில் மறுபடி பார்க்கவேண்டியவை அவைதான்.

ஆகவே சின்ன வயதுப் படங்களுக்குக் கண்ணைத் தொடவேண்டாம். சவால் படங்களை "ரிவியூ ஓர் லொக்" என்கிற பதிவு வழியாக மட்டும் போடுங்கள். அங்கே பார்த்த திகதி கேட்கும், முன்பே பார்த்திருந்தால் குறிக்க ஒரு பெட்டியும் இருக்கும். முடிவுப் பெயர்கள் ஓடும்வரை முன்பு பார்த்தது நிச்சயமென்றால் மட்டும் அந்தப் பெட்டியில் சரி போடுங்கள். கீழே குறிச்சொல் எழுதும் இடத்தில் இரண்டு சொல் போதும்: ஆண்டோடு சேர்த்து ஒரு சவால் குறி, தேவையான படங்களுக்கு "பாதி" என்று ஆங்கில எழுத்தில் இன்னொன்று. ஆண்டு முடிவில் சவால் குறியைத் திறந்தால் வருகிற எண்ணிக்கைதான் மெய்யான கணக்கு.

அடுத்த சங்கடம் பெயர். இடைமுகம் ஆங்கிலம், படப் பெயர்களும் ஆங்கில எழுத்தில். "குழந்தை" என்பதை எட்டு விதமாக எழுதலாம். ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், இன்னொருவர் ஒன்று. தேடி வராவிட்டால் படம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நடிகர் அல்லது இயக்குநர் பெயரில் போய், ஆண்டைப் பார்த்து இறங்கினால் பெரும்பாலும் அகப்படும். அதுவும் சரிவராவிட்டால், லெட்டர்பொக்ஸ்ட் தன் படத் தகவலை எடுக்கிற டிஎம்டிபி தளத்துக்குப் போங்கள். மூலப் பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடலாம். ஒவ்வொரு படத்துக்கும் அங்கே ஓர் எண் இருக்கும். லெட்டர்பொக்ஸ்ட் முகவரிக்குப் பின்னால் டிஎம்டிபி என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, அந்த எண்ணைக் கொடுத்தால் நேரே படத்தின் பக்கம் திறக்கும். டிஎம்டிபியிலும் இல்லாத படத்தை யாரும் அங்கே சேர்க்கலாம், கணக்கு இலவசம். பழைய இலங்கைத் தமிழ்ப் படங்களைத் தேடுகிறவர்கள் இந்த வழியை அறிந்திருப்பது நல்லது.

டப்பிங் படங்களில் இன்னும் மோசமாகத் தடுமாறும். "சுட்டிச் சாத்தான்" என்று நாம் அறிந்ததை அதன் மலையாளப் பெயரான "மை டியர் குட்டிச்சாத்தான்" என்றுதான் தேடவேண்டும். 1984 இல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. "மாயா பஜார்" 1957 இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. கிருஷ்ணன் இரண்டிலும் என்.டி. ராமராவ், கடோத்கஜன் இரண்டிலும் எஸ்.வி. ரங்காராவ். அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன். எதைப் பார்த்தீர்கள் என்று பதிவில் ஒரு வரி எழுதி வைக்காவிட்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கே குழப்பம். 1995 இல் அதே பெயரில் இன்னொரு தமிழ்ப் படமும் உண்டு, அவசரத்தில் அதன் சுவரொட்டியை அழுத்திவிடாதீர்கள்.

பட்டியல் போடும்போது 52 இடத்தையும் முதல் நாளே நிரப்புகிறவர்கள்தான் பாதி வழியில் நிற்கிறார்கள். 40 நிரப்பி 12 இடத்தை வெறுமையாக விடுவது நல்லது. படங்களைச் சோடி சோடியாகப் போட்டால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய "குழந்தையும் தெய்வமும்" (1965) படத்தில் குட்டி பத்மினிக்கு இரட்டை வேடம். அதற்கு மூலம் 1961 இல் வந்த "த பேரன்ட் ட்ராப்". இரண்டையும் அடுத்தடுத்த வாரம் போடுங்கள், எந்த இடத்தில் ஏவிஎம் கண்ணீரைக் கூட்டியது என்று தெளிவாகத் தெரியும். ஈரானின் மஜீத் மஜீதி எடுத்த "சில்ட்ரன் ஒப் ஹெவன்" (1997) 89 நிமிஷம். ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தங்கச்சியும் மாறி மாறிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற கதை. அதன் தமிழ் வடிவம் "அக்கா குருவி" 2022 இல் வந்தது. மூலத்தை முதலில் பார்ப்பதே சரி.

ஜப்பானியச் சோடியில் கவனம் வேண்டும். மியாசாக்கியின் "மை நெய்பர் டொட்டொரோ", தக்காஹாத்தாவின் "கிரேவ் ஒப் த பயர்ஃப்ளைஸ்" இரண்டும் 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஒரே காட்சியாகச் சேர்த்துத் திரையிடப்பட்டவை. இரண்டும் சித்திரப் படம் என்பதால் பிள்ளைகளுக்கு என்று பலர் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். டொட்டொரோவை நாலு வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். மற்றது குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கச்சியும் பசியில் அலைகிற கதை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்கள் உள்ள வீட்டில் அதை முன்னறிவிப்பில்லாமல் போடக்கூடாது. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்ப்பதென்றால் டொட்டொரோவைப் பின்னுக்கு வையுங்கள்.

கவனிக்காமல் விட்டவை என்றால் பக்கத்து மொழியில்தான் அதிகம். யுத்தத்துக்குள் அகப்பட்ட ஒரு தமிழ்ச் சிறுமிக்கும் சிங்களச் சிறுமிக்கும் இடையிலான நட்பைச் சொல்கிற சோமரத்ன திசாநாயக்கவின் "சரோஜா" (2000) நம்ம பக்கத்துப் பட்டியல்களில் ஏன் இல்லை என்பது விளங்கவில்லை. மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கிய "மடொல் தூவ" (1976) இன்னொன்று. சத்யஜித் ராயின் "கூபி கைன் பாகா பைன்" (1969) இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் படம். கடைசிக் காட்சியில் மட்டும் வண்ணம் வரும், அதற்கு முன் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். "த அயன் ஜயன்ட்" (1999) வந்தபோது வசூலில் விழுந்த படம். ஹொலிவுட் பட்டியலில் ஒன்றே ஒன்றைச் சேர்ப்பதென்றால் அதைச் சேர்க்கலாம்.

டேட்டாக் கணக்கைப் போடாமல் சவாலைத் தொடங்கக்கூடாது. படம் சராசரி 100 நிமிஷம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 87 மணித்தியாலம். நெட்ஃபிளிக்ஸ் தன் அளவாகச் சொல்வது குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜீபி, நடுத்தரத்தில் 0.7, எச்டியில் 3 வரை. அதாவது 52 படத்துக்கு 26 ஜீபியும் ஆகலாம், 260 ஜீபியும் ஆகலாம். போன் திரையில் பார்க்கிறவருக்கு நடுத்தரம் தாராளம், 61 ஜீபிக்குள் ஆண்டு முடியும். இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பின் இறக்கி வைத்துப் பகலில் பாருங்கள். இறக்கியது நெடுநாள் இருக்காது. சில படங்கள் தொடங்கி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகும், சில 7 நாளில். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு முடிப்பவர்களுக்கு இது வில்லங்கம். டொட்டொரோவை எடுத்த ஜிப்லி ஸ்டூடியோவின் பெரும்பாலான படங்கள் 2020 முதல் நெட்ஃபிளிக்ஸில் வரத் தொடங்கின. பழைய தமிழ்ப் படங்களுக்கு யூடியூப்தான் கதி. தயாரித்த நிறுவனங்களின் பக்கத்தில் உள்ள பிரதியைத் தேடுங்கள், மற்றவர்கள் ஏற்றியதில் பாட்டுகள் வெட்டுப்பட்டிருக்கும், சில வேளை படத்தின் முடிவே இருக்காது. பிறகு அதற்கும் "பாதி" குறிதான்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, எந்த நேரம் கரண்ட் போகும் என்று சொல்லமுடியாது. அந்த வாரங்களுக்குக் குறும்படம் போல நீளம் குறைந்தவற்றை ஒதுக்குங்கள். 1956 இல் வந்த பிரெஞ்சுப் படமான "த ரெட் பலூன்" 34 நிமிஷம்தான், வசனம் மிகக் குறைவு, மூலத் திரைக்கதைக்கு ஒஸ்கார் வாங்கியது. போன் பட்டறியிலேயே முடிந்துவிடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கக் கோயில் திருவிழா, காத்தான்குடி, சாய்ந்தமருது நண்பர்களுக்கு நோன்பு மாதம் என்று குழுவே கலைகிற வாரங்கள் எப்படியும் வரும். வெறுமையாக விட்ட 12 இடமும் இதற்குத்தான். நோன்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு வருவதால் போன வருஷத் திட்டத்தை அப்படியே எடுக்கமுடியாது.

குழுவாகச் செய்யும்போது ஒரு கணக்கை ஐந்து பேர் பாவிப்பது பிழையான வழி. புள்ளியும் திகதியும் கலந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். ஒருவர் பட்டியலைப் போட்டு இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். மற்றவர்கள் தங்கள் தங்கள் கணக்கில் நுழைந்து அதே பட்டியலைத் திறந்தால் அவரவர் பார்த்த வீதம் அவரவருக்குக் காட்டும். இதற்குக் காசு தேவையில்லை.

காசு கொடுக்கிற புரோ ஆண்டுக்கு 19 டொலர். டொலர் 300 ரூபா என்று பிடித்தால் 5,700 ரூபா. விளம்பரம் போகும், ஆண்டுப் புள்ளிவிபரப் பக்கம் வரும், அடுத்தவர் பட்டியலை அப்படியே பிரதி எடுக்கலாம். 52 படச் சவாலுக்கு இவை அலங்காரம்தான். அந்தக் காசை டேட்டாவில் போடலாம். வருஷத்துக்கு 200 படம் பார்க்கிற ஆள் என்றால் மட்டும் புள்ளிவிபரம் சுவைக்கும்.

ஏற்கெனவே சீ.ஆர். கொப்பியில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதை எறியவேண்டாம். கொப்பியில் உள்ளதை எக்செலில் தட்டி, சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்து அட்டவணைக் கோப்பாக்கி, இணையதளம் வழியாக ஏற்றலாம். படப் பெயர், ஆண்டு, பார்த்த திகதி, புள்ளி என்று நாலு நிரல் போதும், தலைப்புகள் தளம் சொல்கிற ஆங்கிலச் சொற்களிலேயே இருக்கவேண்டும். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில், நடுவில் சிறுகோடு போட்டு எழுதவேண்டும். எக்செல் அதைத் தன் பாட்டில் மாற்றிவிடும், திகதி நிரலை முன்கூட்டியே வெறும் எழுத்து என்று அமைத்தால் தப்பலாம். தமிழ்ப் படங்களுக்குப் பெயரை நம்பாமல் டிஎம்டிபி எண்ணுக்கு ஒரு நிரல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைப்புகளில் போய் உங்கள் தரவு முழுவதையும் இறக்கி வைக்கவும் இலவசக் கணக்கிலேயே இடமுண்டு. கொப்பியில் "எந்த இடத்தில் விட்டது" என்று ஒரு நிரல் வைத்திருந்தால் அது செயலியில் போக இடமில்லை. அதற்காகவாவது கொப்பி தொடரட்டும்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைகிற ஒன்று அந்தக் கண்ணுக்கு.

பதிவு போடும்போது செயலி அன்றைய திகதியைத் தானாகவே எடுக்கும். இரவு பத்தரைக்குத் தொடங்கிய படம் பன்னிரண்டு தாண்டி முடிந்தால் அது அடுத்த நாள் கணக்கில் விழும். மற்ற இரவுகளில் பரவாயில்லை. டிசம்பர் 31 இல் 52ஆவது படத்தோடு உட்காருகிறவர்கள் திகதியைக் கையால் மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.