கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை: மார்த்தாண்டம் பக்கத்து வீட்டுக்கு எந்த டைல்?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் புதுக்கும்போது கட்டத் தரை போட மூன்று வழி உண்டு: ஒரு அடி மேட் விட்ரிஃபைடு (பளபளப்பில்லாத, தண்ணீர் ஏறாதபடி கெட்டியாகச் சுட்ட டைல்), இரண்டடி டைலை நான்காக வெட்டிப் பதிப்பது, ஆத்தங்குடி (செட்டிநாட்டுச் சிமென்ட் டைல்).

நம் ஓட்டு முதலாவதுக்கு. தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே கொட்டும் ஊரில், ஈரக்காலோடு ஏறும் வராந்தாவுக்கு இது போதும். பளபளக்கும் கறுப்பு மட்டும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் துடைத்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும், ஒவ்வொரு காலடியும் தெரியும்.

நிறத்தைவிட அளவுதான் முக்கியம். கறுப்பும் வெள்ளையும் தனித்தனிச் சரக்காக வருவதால் 1 மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். மற்றத் தரையில் அது மறைந்துவிடும். கட்டத் தரையில் நான்கு மூலை கூடும் இடம் விலகி, கண்ணில் உறுத்தும். வெவ்வேறு பெட்டிகளிலிருந்து இரண்டு நிறத்திலும் நாலைந்து எடுத்து, பக்கவாட்டில் நிறுத்தி, மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த ஜோடி வேண்டாம்.

10-க்கு 12 அடி அறைக்கு 120 டைல் என்று கடையில் கணக்குச் சொல்வார்கள். அது பத்தாது. "ஒரு அடி" என்பது 300 மி.மீ.தான். டைலுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விடும் ஸ்பேசரோடு சுவரிலிருந்து தொடங்கினால் கடைசியில் மூன்று செ.மீ. நறுக்கு நிற்கும், பார்க்கவே அசிங்கம். அறையின் நடுப்புள்ளியில் ஒரு டைலின் மையம் வரும்படி நூல் கட்டினால், நான்கு சுவரோரமும் சுமார் 16 செ.மீ. துண்டு சீராக வரும். அதற்கு 11 வரிசை, வரிசைக்கு 13, ஆக 143 டைல். உடைசலும் சேர்த்து நிறத்துக்கு 80 வாங்கலாம். மிஞ்சும் 13 செ.மீ. துண்டுகள் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்கு ஆகும்.

நூல் நேர்மூலையா என்று, ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என அளந்து பார்த்த பிறகே பசை கலக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பி அதை ஒட்டித் தொடங்கும் கொத்தனாரை அங்கேயே நிறுத்துங்கள். சுவர் ரொம்பக் கோணல் என்றால் கட்டத்தை மூலைவாட்டில் போடலாம், கோணல் தெரியாது. சேதாரம் மட்டும் 15 சதவீதம் வரை போகும். டைல் இடைவெளியை அடைக்க நடுச்சாம்பல் நிறக் கிரவுட். வெள்ளைக் கிரவுட் அழுக்காகும், கறுப்புக் கிரவுட் வெளுக்கும்.

இரண்டடி டைலை வெட்டுவது மலிவாகத் தோன்றும். வெட்டிய விளிம்பில் மேல்பூச்சு சிதறி, கறுப்புக்கு அடியிலிருந்து வெளிர் மண் எட்டிப் பார்க்கும். உள்ளும் புறமும் ஒரே நிறமான ஃபுல்பாடி சரக்கானால் மட்டும் யோசிக்கலாம்.

ஆத்தங்குடியின் அழகுக்கு இணையில்லை. கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. நடு ஹாலுக்குத் தாராளமாகப் போடலாம். 8 அங்குலம் என்றால் இதே அறைக்கு 270, சேதாரத்தோடு 300. அடுக்களைக்கு ஆகாது: மஞ்சளும் சக்கைப் (பலா) பசையும் வெள்ளைக் கட்டத்தில் ஏறிவிடும். தரை ஈரம் குடித்தால் கறுப்பில் உப்புப் பூக்கும். பதித்த பிறகு சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றினால் மேல்நிறமே அரித்துப் போகும். கறையை அன்றன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் மினுக்கம் மெல்ல ஏறும்.