டிரைவர் அப்டேட் என்று காசு பிடுங்கும் சர்வீஸ் கடைகள்: உஷாராக இருங்கள்

"டிரைவர் எல்லாம் பழசாகிவிட்டது, அதனால்தான் கணினி தகராறு செய்கிறது" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டிரைவர் என்பது கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு சேர்ந்து வேலை செய்ய வைக்கும் சிறு மென்பொருள். என் தங்கைக்கு நடந்தது இது. அவள் திருமண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பவள். கணினி நின்றால் வருமானம் நின்றுவிடும்.

விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த பிறகு அவள் கணினித் திரை அவ்வப்போது கறுத்துப் போய் மீண்டும் வந்தது. முகூர்த்த மாதம், வேலை தலைக்கு மேல். பக்கத்திலிருந்த சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் ஏதோ ஒரு 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருளை ஏற்றி ஓடவிட்டார். திரை முழுக்கச் சிவப்பு. "பார்த்தீங்களா மேடம், பூரா ரெட்டுல இருக்கு" என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். மென்பொருளின் முழுப் பதிப்புக்கு என்று அவள் கார்டு எண்ணையும் போட வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நிலைமை இன்னும் மோசம். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிந்தது, போட்டோஷாப் திறக்கவே இல்லை, மைக்கும் போய்விட்டது. திரும்பக் கொண்டுபோனால், "கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு மேடம். செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு இருக்கு, 9,500க்கு முடிச்சுத் தரேன்" என்றாராம். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படத்தைக் காட்டும் பாகம். அப்போதுதான் தங்கை எனக்கு போன் செய்தாள். பணம் கொடுக்காதே என்று சொல்லி, கணினியை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதலில் அந்தச் சிவப்புப் பட்டியலைப் பார்த்தேன். 'மிகப் பழையது' என்று காட்டியவற்றில் ஒன்றின் தேதி 1968 ஜூலை 18. அன்றைக்கு விண்டோஸே கிடையாது! அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். தன் சிப்செட் (கணினியின் பாகங்களை இணைக்கும் சில்லுகள்) கோப்புகளுக்கு இன்டெல் வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போடுகிறது. அதைவிடப் பொருத்தமான டிரைவர் ஏற்கெனவே இருந்தால் விண்டோஸ் அதை எடுத்துவிட்டு இந்தக் கோப்பைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. அதேபோல விண்டோஸோடு கூடவே வரும் மைக்ரோசாப்ட் டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்று இருக்கும். அதுவும் திட்டமிட்டு வைத்த தேதிதான். தேதியைப் பார்த்து டிரைவர் பழசு என்று முடிவு கட்டவே முடியாது. இது தெரியாதவர்களைப் பயமுறுத்தத்தான் அந்தச் சிவப்பு.

இந்த ஏமாற்று வேலை நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடர் இலவசச் சோதனை என்று சொல்லி, கணினியில் கோளாறு இல்லாவிட்டாலும் இருப்பதாகக் காட்டிப் பழுதுபார்க்கும் சேவையை விற்றது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2019இல் அந்தக் கடையும் அதற்கு மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

சரி, தங்கையின் கணினிக்கு வருகிறேன். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அவளுடைய கிராபிக்ஸ் கார்டின் (என்விடியா நிறுவனத்தது) மேல் மஞ்சள் முக்கோணம், உள்ளே கோட் 43 என்ற பிழை எண். கார்டு உண்மையிலேயே பழுதானாலும் இந்த எண் வரும், டிரைவர் குழம்பிப் போனாலும் வரும். இரண்டில் எது என்று பார்க்காமலேயே கார்டு போச்சு என்று சொன்னதுதான் எனக்கு ஆத்திரம். பழைய டிரைவரைச் சுத்தமாக எடுக்காமல் அதன் மேலேயே வேறொன்றை ஏற்றியிருந்தார்கள்.

அந்த அப்டேட்டரைத் தூக்கிவிட்டு, என்விடியா தளத்திலிருந்தே அந்தக் கார்டுக்கான டிரைவரை இறக்கி வைத்தேன். பழைய டிரைவரை அடியோடு நீக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளையும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் இணைய கேபிளைக் கழற்றிவிட்டேன். இது முக்கியம், இல்லாவிட்டால் நாம் துடைத்த கையோடு விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரை ஏற்றிவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) போய், அந்த அன்இன்ஸ்டாலரை ஓடவிட்டு டிரைவரின் பழைய கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) பதிவுகளையும் துடைத்தேன். கணினி மறுபடி வந்ததும் புதிய டிரைவரை நிறுவினேன். கஸ்டம் என்பதற்குள் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதையும் டிக் செய்துவிடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டவர்கள் சேஃப் மோடுக்குப் போகும் முன் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கணினி கேட்டாலும் கேட்கும்.

நிறுவிக்கொண்டிருக்கும்போதே திரை ஒருமுறை அணைந்து வந்தது, வரும்போது முழுத் தெளிவோடு வந்தது. மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. 'செத்துப்போன' கார்டில் தங்கை அன்றிரவே ஆல்பம் முடித்தாள். மதர்போர்டு (பாகங்களையெல்லாம் தாங்கும் முக்கியப் பலகை) செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை எடுத்துப் போட்டதும் மைக்கும் வந்துவிட்டது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலைப் போட்டுத் தேடினால் எல்லா டிரைவரும் இலவசமாகக் கிடைக்கும். இப்படிச் சுத்தமாக நிறுவிய பிறகும் கோட் 43 வந்தால், கார்டை வேறொரு கணினியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் மட்டும் புதுக் கார்டைப் பற்றிப் பேசுங்கள்.

கார்டு எண் கொடுத்ததன் பலன் பின்னால் தெரிந்தது. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்று வங்கியிலிருந்து முன்கூட்டியே குறுஞ்செய்தி வந்தது. அதைப் பார்த்துத்தான் ரத்து செய்தோம். அந்த மாதிரிச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "சில சமயம் தானா சரியாயிடும் சார்" என்கிறார். 1,800 ரூபாயைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பில்லில் 'சாப்ட்வேர் சர்வீஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறார், என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பில்லை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். நீங்கள் எங்கே கொடுத்தாலும் எந்த டிரைவரை மாற்றினார்கள், எந்தப் பாகத்தைச் சோதித்தார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.