மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும் உள்ள பெற்றோருக்கு வரும் ‘மளிகைக் கார்டு’ போன்: உஷார்

அமெரிக்காவில் உங்கள் அம்மா அப்பாவுக்கு மெடிகேரோடு (பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ்) மெடிகெய்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இருக்கிறதா? அப்படியானால் இன்சூரன்ஸ் ஏஜென்டுகளுக்கு அவர்கள்தான் முதல் குறி.

பேச்சு இப்படித்தான் போகும். “உங்களுக்கு வரவேண்டிய மளிகைக் காசு சும்மா கிடக்கு மேடம், மாசாமாசம் கார்டில் ஏறும். சிவப்பு, வெள்ளை, நீல மெடிகேர் கார்டு கையில் இருக்கா? அதில் எழுத்தும் எண்ணும் கலந்து 11 இடத்தில் இருக்கிற நம்பரைப் படிங்க.” படித்த பிறகு கடகடவென்று ஏதோ வாசித்து, நடுநடுவே “யெஸ்” சொல்லச் சொல்வார்கள். அந்தக் குரல்பதிவுதான் கையெழுத்து. அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் போய், அதற்குப் பதில் தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் பிளான் வந்திருக்கும். தனியாக வைத்திருந்த பார்ட் டி மருந்து பிளானும் தானாக ரத்தாகியிருக்கும்.

இது வீட்டுக்குத் தெரியவருவது பெரும்பாலும் டயாலிசிஸ் சென்டரிலோ கார்டியாலஜிஸ்ட் வரவேற்பறையிலோதான். “இன்சூரன்ஸ் மாறியிருக்கு, இந்த நெட்வொர்க்கில் நாங்க இல்லை” என்பார்கள். நெட்வொர்க்கில் இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்அனுமதி வாங்கு என்று பிளான் இழுத்தடிக்கும்.

கியூ.எம்.பி. (வருமானம் குறைந்தவர்களின் மெடிகேர் செலவை மாநிலம் ஏற்கும் திட்டம்) உள்ளவருக்கு, டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியத்தை மாநிலமே கட்டுகிறது; 2025இல் அது மாதம் 185 டாலர். வருடத் தொடக்கத்தில் நோயாளி கட்டவேண்டிய டிடக்டிபிள் (2025இல் 257 டாலர்), அதற்கு மேல் பில்லில் நோயாளியின் பங்கான 20 சதவீதம், இதிலும் அவர் கையிலிருந்து ஒன்றும் போகாது. அவரிடம் போய் ‘ஜீரோ பிரீமியம்’ என்று விற்கிறார்கள்! மளிகைக் கார்டும் குறிப்பிட்ட கடைகளில்தான் ஓடும். பல பிளான்களில் சர்க்கரை, இதய நோய் போன்ற நாள்பட்ட வியாதி இருந்தால்தான் மளிகைக்குக் காசு. ஏஜென்டுக்கோ 2025இல் ஓர் ஆளைப் புதிதாக அட்வான்டேஜில் சேர்த்தால் 626 டாலர் வரை கமிஷன். கலிஃபோர்னியா, நியூஜெர்சியில் 780. வெறும் மருந்து பிளான் என்றால் 109தான். எதைத் தள்ளிவிடுவார் என்று சொல்லவேண்டியதில்லை.

டி-ஸ்னிப் (இரண்டும் உள்ளவர்களுக்கான அட்வான்டேஜ்) பிளான் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. மெடிகேர், மெடிகெய்ட் இரண்டையும் ஒரே கம்பெனி பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த பிளான், வீட்டில் உதவியாள் தேவைப்படுகிறவர்களுக்கு நல்லதுதான், அவர்களுடைய டாக்டர்கள் உள்ளே இருந்தால். அதைக் கம்பெனி பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே கம்பெனிக்கு அதே ஊரில் பல பிளான் இருக்கும், டாக்டர் ஒன்றை எடுப்பார், இன்னொன்றை எடுக்கமாட்டார். ‘எச்’ எழுத்தில் தொடங்கும் ஒப்பந்த எண்ணையும் பிளான் எண்ணையும் சொல்லி டாக்டர் ஆபீஸ் பில்லிங்கில் கேளுங்கள். மாத்திரைகளின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டார்களா? வருடாந்தர பிளான் மாற்றும் காலம் தொடங்கும் அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டாம். 2025 ஜனவரி முதல், மெடிகெய்டோ எக்ஸ்ட்ரா ஹெல்ப்போ (மருந்துச் செலவுக்கான அரசு உதவி) உள்ளவர்கள் மாதம் ஒருமுறை ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம். மெடிகேரின் 1-800-633-4227இல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். “பிளானை கேன்சல் பண்ணுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள், மருந்துக்குத் திண்டாடவேண்டி வரும். தனி பார்ட் டி பிளான் ஒன்றில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அதில் சேர்ந்தாலே அட்வான்டேஜ் விலகிவிடும். எக்ஸ்ட்ரா ஹெல்ப்பில் பிரீமியம் ஜீரோ ஆகிற பிளானா என்றும் கேளுங்கள்.

இது அடுத்த மாத 1ஆம் தேதியிலிருந்துதான் நடப்புக்கு வரும். இடைப்பட்ட நாட்களில் பில் விழுந்திருந்தால், ஏமாற்றிச் சேர்த்தார்கள் என்று அதே போனில் புகார் பதிந்து, சேர்ந்த தேதியிலிருந்தே ரத்து செய்யும்படி கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழைக்காமலே ஏஜென்ட் போன் செய்வது விதிமீறல். அதைப் புகாரில் சேருங்கள். ஏஜென்ட் பெயர், போன் வந்த தேதி, நேரம் இருந்தால் பலம். கமிஷன் வாங்காத ஆலோசனை வேண்டுமென்றால் ஷிப் என்ற இலவச மெடிகேர் ஆலோசனைச் சேவை இருக்கிறது, 877-839-2675. கலிஃபோர்னியாவில் அதற்கு ஹைகேப் என்று பெயர்.

பில் விஷயத்தில் இன்னொன்று. கியூ.எம்.பி. உள்ளவரிடம் மெடிகேர் டாக்டர் அந்த 20 சதவீதத்தைக் கேட்பது சட்டப்படி தப்பு, அட்வான்டேஜ் பிளானில் இருந்தாலும்தான். கட்டாதீர்கள், கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். ஒரிஜினல் மெடிகேர் அனுப்பும் சம்மரி நோட்டீஸில் கியூ.எம்.பி. என்று அச்சாகியிருக்கும், அதை நீட்டினால் போதும். ஆனால் எஸ்.எல்.எம்.பி., கியூ.ஐ. என்ற வேறு உதவித் திட்டங்கள் மட்டும் உள்ளவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கு பார்ட் பி பிரீமியம் மட்டும்தான் கட்டப்படுகிறது.