டைனோசர் வகைப்பாடு: 1887-ஆ, 2017-ஆ?

டைனோசர்களை இரண்டாகப் பிரிக்க, தொல்லுயிரியலாளர் ஹாரி சீலி 1887-இல் சொன்ன வழி எளிது: இடுப்பைப் பாருங்கள். இடுப்பெலும்புகளில் ஒன்றான பூப்பெலும்பு (pubis) முன்னோக்கி நீண்டிருந்தால் சாரிஸ்கியா, அதாவது பல்லி இடுப்பின. பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஆர்னிதிஸ்கியா, பறவை இடுப்பின. டைரனோசரஸும் நீள்கழுத்து டிப்ளோடோகஸும் முதல் அணி, கொம்புள்ள டிரைசெராடாப்ஸ் இரண்டாம் அணி. அருங்காட்சியகத்தில் நின்றபடியே பயன்படுத்தலாம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. பறவைகள் தோன்றியது 'பறவை இடுப்பு' அணியிலிருந்து அல்ல. பல்லி இடுப்பு அணியிலிருந்துதான்! அந்த அணியைச் சேர்ந்த தெரிசினோசரஸ் வகைகளுக்கும் பூப்பெலும்பு பின்னோக்கியே திரும்பியிருக்கிறது. ஒரே எலும்பை நம்பினால் இப்படித்தான்.

2017-இல் மாத்யூ பேரன், டேவிட் நார்மன், பால் பாரெட் மூவரும் 74 உயிரினங்களில் 457 பண்புகளை ஒப்பிட்டு, யார் யாருக்கு உறவு என்று காட்டும் பரிணாம மரத்தையே மாற்றி வரைந்தார்கள். டைரனோசரஸ் அடங்கிய தெரோபோடா, டிப்ளோடோகஸை விட்டுவிட்டு டிரைசெராடாப்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூட்டணிக்கு உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 19-ஆம் நூற்றாண்டிலேயே வைத்த ஆர்னிதோஸ்கெலிடா என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டில் வேறொரு குழு அந்தத் தரவுகளைத் திருத்திப் பார்த்தபோது சீலியின் பழைய மரமே திரும்பி வந்தது. ஆனால் புதியதை அடியோடு தள்ளிவிடும் அளவுக்கு அந்த முடிவு வலுவாக இல்லை. ஆதி டைனோசர்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்திருக்கின்றன. சில பண்புகளை மாற்றிக் குறித்தாலே கிளைகள் இடம் மாறிவிடுகின்றன.

பெரும்பாலோர் இன்றும் சீலியின் பிரிவையே பின்பற்றுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான், இடுப்பை நம்பி அல்ல.