டிஷ்ஷா, கேபிளா, நெட்டா? வீட்டு டிவிக்கு எந்த இணைப்பு ஒத்துவரும்

வீட்டு டிவிக்குப் படம் வந்து சேர மூன்று வழிகள் முக்கியம்: மொட்டைமாடி டிஷ், தெருக் கம்பத்திலிருந்து இறங்கும் கேபிள், ரவுட்டர் வழியாக வரும் நெட். எதை வைப்பது, எதை எடுப்பது என்ற பேச்சு பெரும்பாலும் சேனல் எண்ணிக்கையிலும் சந்தாத் தொகையிலுமே சுற்றுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று. ஒரே நேரத்தில் எத்தனை டிவி ஓடும்? நேரலை எவ்வளவு பார்ப்பீர்கள்? ரிமோட் அதிக நேரம் யார் கையில் இருக்கும்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. படம் உடைகிறது, நிற்கிறது என்ற புகார்களில் நிறைய, சேவையின் குற்றமே அல்ல. வீட்டுக்குள் வரும் கடைசிப் பத்து மீட்டர் ஒயரிலும் வைஃபையிலும் இருக்கும் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் சேவையை மாற்றினால் கோளாறும் கூடவே வரும்.

மழையும் மின்வெட்டும்

வீட்டு டிஷ் பெரும்பாலும் கேயூ-பேண்டில், 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலையில் வேலை செய்கிறது. அந்த அலையைக் கனமழை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். சாரலுக்கு ஒன்றும் ஆகாது. கருமேகம் திரண்டு கொட்டும் பத்து, இருபது நிமிடம் படம் போகும், மழை குறைந்ததும் தானாக வரும். லேசான தூறலுக்கே போகிறதென்றால் டிஷ் சற்றுத் திரும்பியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கேபிள் நிலையங்களில் பல, மழைக்கு அவ்வளவாக அசையாத சி-பேண்டில் பெரிய டிஷ் வைத்துப் படம் வாங்குகின்றன. அதனால் பக்கத்து வீட்டு டிஷ் செத்துக் கிடக்கும்போதும் கேபிளில் படம் ஓடும்.

மின்வெட்டில் கதை தலைகீழ். டிஷ்ஷுக்குத் தேவை உங்கள் வீட்டு மின்சாரம் மட்டுமே; இன்வெர்ட்டர் இருந்தால் போதும். கேபிளுக்கு வழிநெடுக இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் மின்சாரம் வேண்டும். தெருவே இருண்டால் உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தும் பயனில்லை. ஃபைபர் நெட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வீடு வரை வருவது ஒளியிழைதான் என்றாலும், சுவரில் மாட்டிய ஃபைபர் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் தனித்தனியே மின்சாரம் தேவை. இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதால் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் போதும். அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யூபிஎஸ்ஸோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாட்கள், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், நல்ல வெயிலில் சில நிமிடம் டிஷ் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் ஏற்படுவது இது. அந்த நேரத்தில் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பிவிட்டால் நல்லதாக இருந்ததையும் கெடுத்ததாகிவிடும்.

நேரலையில் யார் முந்துவது

கிரிக்கெட்டோ தேர்தல் முடிவோ, பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்ட பிறகுதான் உங்கள் டிவியில் பந்து வீசப்படுகிறது என்றால் நீங்கள் நெட்டில் பார்க்கிறீர்கள். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் அலை போய் வர கால் நொடிதான் ஆகிறது. படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரத்தையும் சேர்த்தால் சில நொடிகள். நெட்டிலோ ஒளிபரப்பைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். துண்டு ஒன்று 6 நொடி என்று வையுங்கள். பிளேயர் இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் சேர்த்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்கும். அரை நிமிடம் பின்தங்குவது இப்படித்தான். வேகமான நெட் வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது. நேரலைதான் உயிர் என்று இருக்கும் வீட்டில் டிஷ்ஷையோ கேபிளையோ எடுத்துவிட வேண்டாம்.

சேனல் மாற்றும் வேகத்திலும் இவை இரண்டுக்கும்தான் முதலிடம். நெட்டில் வரும் நேரலைச் சேனலை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பவருக்குப் பொறுமை கெட்டுவிடும்.

இரண்டாவது டிவி வந்தால்

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஹாலில் இருக்கும் டிஷ் ஒயரில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டுப் படுக்கையறைக்கும் இழுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். கேபிளில் அது நடக்கும், டிஷ்ஷில் நடக்காது. காரணம், டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் சின்னக் கருவியான எல்என்பிக்குச் செட்டாப் பாக்ஸ்தான் ஒயர் வழியாக மின்சாரம் அனுப்புகிறது: 13 வோல்ட் அனுப்பினால் ஒரு தொகுதிச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொரு தொகுதி. ஒரே ஒயரில் இரண்டு பாக்ஸ் தொங்கினால், 18 அனுப்பும் பாக்ஸ் ஜெயிக்கும். 13 கேட்கும் பாக்ஸில் பாதிச் சேனல்களுக்கு ‘சிக்னல் இல்லை’ என்று வரும். பாக்ஸ் பழுது என்று மாற்றியும் சரியாகாது. இதற்கு இரட்டை வெளிவாய் உள்ள எல்என்பி போட்டு, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஒயர் இழுக்க வேண்டும். மூன்று, நான்கு டிவி என்றால் நான்கு வாய் எல்என்பி.

ஒரே பாக்ஸ், ஒரே ஒயர். ஆனாலும் பாதிச் சேனல்கள் மட்டும் போகின்றன என்றால் ஒயரைச் சந்தேகியுங்கள். எஃகுக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு ஒயர், முப்பது நாற்பது மீட்டர் நீளத்தில் வோல்ட்டைக் குறைத்துவிடும். 18 அனுப்பினாலும் மறுமுனையில் 14க்குக் கீழே இறங்கினால் எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். நீள ஓட்டத்துக்கு முழுச் செம்பு ஆர்ஜி-6 ஒயர்தான் சரி.

முனையில் போடும் எஃப் கனெக்டரையும் கவனமாகப் போட வேண்டும். முதலில் பாக்ஸின் சுவிட்சைச் சுவரிலேயே அணையுங்கள். ஒயரின் வெளித்தோலை ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, உள்ளே இருக்கும் வலைக்கம்பிகளைப் பின்னோக்கி மடித்துவிடுங்கள். நடுக்கம்பியைச் சுற்றிய வெள்ளை உறையை நுனியிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் நறுக்குங்கள்; கம்பியில் கீறல் விழக்கூடாது. வெள்ளை உறை கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக வந்து நிற்கும் வரை தள்ளி, இறுக்குங்கள். நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். வலையிலிருந்து ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி எல்என்பிக்கு மின்சாரமே போகாது. மாடியில் கனெக்டருக்கு முன்னால் ஒயரை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். பழைய கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ஒயரைச் சற்று வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

கேபிளில் ஸ்ப்ளிட்டர் போடலாம், ஆனால் சும்மா கிடைக்காது. இருவழி ஸ்ப்ளிட்டர் ஏறத்தாழ 3.5 டெசிபல், நால்வழி ஏறத்தாழ 7 டெசிபல் சிக்னலை எடுத்துக்கொள்ளும். இரண்டு வழி மட்டும் தேவை என்றால் நால்வழி எதற்கு? ஏற்கெனவே நால்வழிதான் மாட்டியிருக்கிறது என்றால், சும்மா இருக்கும் வாய்களில் 75 ஓம் மூடி திருகுங்கள்.

நெட்டுக்கு ஒயர் தொல்லை இல்லை, பங்கு பிரிக்கும் தொல்லை உண்டு. டிஷ்ஷில் எல்லாச் சேனலும் எப்போதும் பொழிந்துகொண்டே இருப்பதால் எத்தனை வீடு பார்த்தாலும் குறையாது. நெட்டில் ஒவ்வொரு டிவிக்கும் தனி ஓட்டம். முழு ஹெச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 முதல் 25 மெகாபிட் என்று வைத்துக்கொண்டு, சேர்ந்தாற்போல் ஓடும் திரைகளைக் கூட்டுங்கள். அதன்மேல் செல்போன்களுக்கும் மடிக்கணினிக்கும் கொஞ்சம் விடுங்கள். மாத டேட்டாவுக்கு உச்சவரம்பு இருந்தால் இதையும் பாருங்கள்: 5 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி, 25 மெகாபிட்டில் 11 ஜிபிக்கு மேல்.

படத்தின் தெளிவு

பெரிய 4கே டிவி வாங்கிய வாரமே, ‘பழைய டிவியில் படம் இதைவிட நன்றாக இருந்ததே’ என்ற மனக்குறை வருவதுண்டு. அது பிரமை இல்லை. சாதாரணச் சேனலின் படம் 720க்கு 576 புள்ளி. 4கே திரை 3840க்கு 2160. ஒரு புள்ளியை இருபதாக இழுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. குழைந்துதான் தெரியும். 4கே டிவிக்கு ஹெச்டி சேனல் தொகுப்பாவது வேண்டும்.

ஹெச்டி சந்தா கட்டியும் மங்கலாக இருந்தால் செட்டாப் பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் போய் ஹெச்டிஎம்ஐ வெளியீடு 576இல் நிற்கிறதா என்று பாருங்கள். அதை 1080க்கு மாற்றி, படவிகிதத்தை 16:9 என்று வையுங்கள். முகங்கள் அகன்று தெரிவதும் இதோடு தீரும்.

திரைப்படத்துக்கு நெட்தான் மேல் என்பது என் முடிவு. 4கே, ஹெச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாக விரியும்) படங்கள் அதிகம் கிடைப்பது அங்கேதான். ஒரு குறை மட்டும் உண்டு: சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), டிவியோ 60 முறை புதுப்பிக்கிறது. ஒரு சட்டத்தை இரு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டி ஈடுகட்டுவதால் கேமரா மெல்ல நகரும் காட்சிகள் வெட்டி வெட்டிப் போகும். டிவியில் செருகி நெட் பார்க்கும் ஸ்டிக்கின் செட்டிங்ஸில் சட்ட வேகத்தைப் படத்தோடு பொருத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். டிவியின் ‘மோஷன்’ வசதியை ஏற்றி இதைச் சரிசெய்யப் போனால் சினிமாவே சீரியல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும்.

டிவிக்குள் இருக்கும் ஆப்பா, தனி ஸ்டிக்கா

டிவியின் திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும் அவ்வளவு காலம் தாங்குவது அரிது. நாலைந்து வருடத்தில் ஆப் திறக்கத் திணறும், சில ஆப்களுக்குப் புதுப்பிப்பே நின்றுபோகும். அதற்காக டிவியை மாற்ற வேண்டாம், ஸ்டிக் ஒன்று செருகினால் போதும். வாங்கும்போது வைட்வைன் எல்1 என்ற நகல்தடுப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத மலிவுப் பெட்டிகளில், முழுச் சந்தா கட்டினாலும் பல சேவைகள் மங்கலான படத்தை மட்டுமே தரும். 4கே வேண்டுமென்றால் ஹெச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பை ஏற்கும் ஹெச்டிஎம்ஐ வாய் வேண்டும்; டிவியின் சில வாய்கள் அதை ஏற்காமல் இருக்கலாம். வாயருகே அச்சிட்ட குறிப்பைப் பார்த்துச் செருகுங்கள்.

ஸ்டிக் தானாக அணைந்து எழுகிறதா? டிவியின் யூஎஸ்பி வாயிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் காரணமாக இருக்கும். யூஎஸ்பி 2.0 வாய் அரை ஆம்பியருக்கானது, ஸ்டிக் ஒரு ஆம்பியர் கேட்கும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். டிவியின் முதுகில் ஒட்டினாற்போல் இருக்கும் ஸ்டிக்குக்கு வைஃபை சரியாக எட்டாது. பெட்டிக்குள் வரும் குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் அதற்காகத்தான், தூக்கிப்போட்டுவிடாதீர்கள். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை, நடுவில் இரண்டு சுவர் என்றால் லேன் ஒயர். டிவியின் லேன் வாய் பெரும்பாலும் 100 மெகாபிட்தான், ஆனால் நிலையான 100 படத்துக்குத் தாராளம்.

சத்தத்துக்கு ஒரு வரி: சவுண்ட்பாரை ‘ஆர்க்’ என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ வாயில் செருகி, டிவியில் சிஇசியை (ஒரு ரிமோட்டால் இணைந்த கருவிகளையும் இயக்கும் வசதி) இயக்கினால் ஒலியளவுக்கு டிவி ரிமோட்டே போதும்.

ரிமோட் யார் கையில்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கேள்விக்கு முதலிடம் கொடுங்கள். எண்ணை அழுத்தியதும் சேனல் வரும் பழக்கம் பல வருடத்துப் பழக்கம். ஆப் திடீரென்று கடவுச்சொல் கேட்டு நிற்பதும், பெயர்ப்பட்டியலில் யார் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதும், பகலில் தனியாக இருக்கும் அம்மாவையோ தாத்தாவையோ டிவியே பார்க்கவிடாமல் செய்துவிடும். அவர்கள் பார்க்கும் டிவிக்கு மட்டும் கேபிளையோ டிஷ்ஷையோ குறைந்த தொகுப்பில் வைத்துவிட்டு, மற்ற அறைகளை நெட்டுக்கு மாற்றுவது நல்ல ஏற்பாடு. டிவி செட்டிங்ஸில், இயக்கியதும் செட்டாப் பாக்ஸ் வாயே திறக்கும்படி வைத்துக் கொடுங்கள்.

பழைய இணைப்பை நிறுத்த முடிவெடுத்தால், ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். நெட் வேகத்தைக் காலையில் சோதித்தால் நன்றாகத்தான் காட்டும். தெருவே பார்க்கும் இரவு எட்டரை மணிக்கு, டிவி இருக்கும் இடத்திலேயே நின்று, மற்றவர்கள் செல்போனில் இருக்கும்போது சோதியுங்கள். செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் வைத்துப் பதிந்த நிகழ்ச்சிகள் பொதுவாக அந்தப் பாக்ஸுக்கு மட்டுமே பூட்டப்பட்டவை. கணினியிலோ வேறு பாக்ஸிலோ திறக்காது. பார்க்க வேண்டியது மிச்சமிருந்தால், பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.