எச்சரிக்கை: ஒட்டுப் போட்ட பிரைமர் பெட்டியும் இலவசமாக வந்த ஊறுகாய் பாட்டிலும்

டெக்சஸில், டாலஸ் நகருக்கு வெளியே வசிக்கிறேன். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் மறுபடியும் மருந்து நிரப்பித் தோட்டா செய்யும் ரீலோடிங் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. இங்கே சொந்த உபயோகத்துக்கு அதைச் செய்ய உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தில் புதிதாக இறங்கியிருக்கும் நம்மவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டில், தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அதற்கு முன் ஆயிரம் பிரைமர்களை முப்பது, நாற்பது டாலருக்கு வாங்கியவன் நான். அந்த ஆண்டு கடைகளில் அலமாரி காலி. இணையத்தில் எப்போதாவது தென்பட்டாலும், அபாயகரச் சரக்கு என்பதற்கான தனிக் கட்டணத்தையும் சேர்த்தால் கை சுடும். அந்த நிலையில்தான் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியின் கடைசி வரிசையில், மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் 'ஸ்மால் ரைஃபிள்' என்று அச்சிட்ட ஆயிரம் பிரைமர் பெட்டி ஒன்றைக் கண்டேன். விலை 140 டாலர். பெட்டியின் ஒரு மடிப்பில் கண்ணாடி டேப் ஒட்டியிருந்தது. எண்ணிப் பார்ப்பதற்காகத் தாமே பிரித்ததாக அவர் சொன்னார். நம்பினேன். பணத்தை எண்ணிக் கொடுத்ததும், மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து, "இதையும் வைத்துக்கொள், இலவசம்" என்று நீட்டினார். கண்ணாடி பாட்டிலுக்குள் இரண்டு கைப்பிடி அளவுக்கு உதிரிப் பிரைமர்கள் கிடந்தன. அதையும் வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் அது கலகலவென்று குலுங்க, நாற்பது நிமிடம் காரோட்டி வீடு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பிரைமர் என்பது சின்னக் கிண்ணம் போன்ற உலோகக் குப்பி. தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டுக் கேப்பின் பெரியண்ணன் என்று சொல்லலாம், ஆனால் ஒப்புமை அந்த அளவோடு சரி. உள்ளே பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் கலந்த மருந்து இருக்கும். அடி பட்டாலும், நசுங்கினாலும், சூடேறினாலும், நிலைமின் பொறி பட்டாலும் அது வெடிக்கும். தொழிற்சாலைப் பெட்டியில் ஒவ்வொரு பிரைமரும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருப்பது அழகுக்காக அன்று. ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காமலிருக்க அதுதான் தடுப்பு. அவற்றைக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கிளப்பி மொத்தமும் ஒரே நொடியில் வெடிக்கலாம், பாட்டிலே சிதறுதுண்டாகவும் மாறும். வீட்டில் பத்தாயிரம் பிரைமர் வரை வைத்துக்கொள்ள அமெரிக்காவின் 495ஆம் எண் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு இடம் கொடுக்கிறது. ஆனால் அசல் பெட்டியில் இருக்கும் பத்தாயிரத்தைவிட உதிரியாகக் குலுங்கும் சில நூறுதான் எனக்கு அதிக அச்சம் தருவது.

பெட்டியின் கதை இன்னும் மோசம். மேல் தட்டுகள் இரண்டிலும் வெள்ளி நிறப் பிரைமர்கள்; அதற்குக் கீழே பித்தளை நிறம். தட்டுகளின் உறைகளில் அச்சிட்டிருந்த லாட் எண்களும், அதாவது தயாரிப்புத் தொகுதி எண்களும், ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டையும் நான் கவனித்தேன், கவனித்தும் வேறொரு தயாரிப்புத் தொகுதியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏமாற்றியவர் அவர் என்றாலும், அந்த நிமிடத்துக்கு நானும் உடந்தை.

ஸ்மால் பிஸ்டல், ஸ்மால் ரைஃபிள் இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 0.175 அங்குலம். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று தடையில்லாமல் உட்காரும். வேறுபாடு கிண்ணத்தின் கனத்தில் இருக்கிறது: கைத்துப்பாக்கிப் பிரைமரில் சுமார் 0.017 அங்குலம், ரைஃபிள் பிரைமரில் வகையைப் பொறுத்து 0.020 முதல் 0.025 வரை. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .223 ரெமிங்டன் ரைஃபிள் தோட்டாவுக்கோ 55,000. மெல்லிய கிண்ணம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெட்டியிலிருந்து எடுத்துவிட்ட பிறகு எது எந்த வகை என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

அந்தப் பெட்டிப் பிரைமர்களைப் போட்டு நான் நிரப்பிய ரைஃபிள் தோட்டாக்களில் முதல் இருபது சுடுதளத்தில் ஒழுங்காகச் சென்றன. அடுத்து ஒன்று வெடிக்கவில்லை. தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்குப் பக்கமே வைத்தபடி முப்பது விநாடிக்கு மேல் காத்திருந்து வெளியே எடுத்தேன். பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் பதித்த குழி ஆழமாகத்தான் இருந்தது, பிரைமர் மருந்துதான் செத்திருந்தது. ஐந்தாறு தோட்டாக்கள் கழித்துச் சத்தம் மாறி ஒலித்தது. சூடான காற்று கன்னத்தில் அறைந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் பிழைத்தது. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றினால், ஃபயரிங் பின் நுனி அரிக்கப்பட்டிருந்தது, அந்த ஊசி செல்லும் துளைக்குள் மிளகில் பாதி அளவு வட்டத் தகடு ஒன்று கிடந்தது. பிரைமரின் நடுப்பகுதி துளைத்துக்கொண்டு வந்து விழுந்த துண்டு அது.

பக்கத்து மேசையில் இருந்த முதியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டா நிரப்புபவர், அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டுப் பிரைமர் எங்கே வாங்கியது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பெட்டியைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது?" என்றார். பட்டறை மேசையில், என் பையனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றதும் அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை.

எண்ணெயில் ஊறப்போட்டால் செயலிழந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். அதை நம்பக்கூடாது என்று அவர் தடுத்தார். ஊறிய பிரைமர்கள் உலர்ந்த பின் மறுபடி வெடித்ததை அவரே பார்த்திருக்கிறார். தீயணைப்புத் துறையின் அவசரமற்ற அழைப்பு எண்ணுக்குப் பேசினேன். பாட்டிலைத் தொடாதே, மூடியைத் திருகாதே, வீட்டாரை அந்தப் பக்கம் விடாதே என்றார்கள். ஆள் வந்து எடுத்துச் சென்றார்கள். மூடியின் திருகு வரிகளுக்கிடையில் மருந்துத் தூள் ஒட்டியிருந்தால், திருகும் உராய்வே போதுமாம். பெட்டியில் மிஞ்சியவற்றையும், அவற்றைக் கொண்டு நான் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த அறுபத்து சொச்சம் தோட்டாக்களையும் கூடவே ஒப்படைத்தேன். உயிருள்ள பிரைமரைக் கூட்டிலிருந்து தள்ளி எடுத்து மிச்சப்படுத்தும் எண்ணம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

அடுத்த கண்காட்சியில் அந்த மேசை இருந்த இடத்தில் உப்புக்கண்டம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரசீது இல்லை, பெயர் தெரியாது, ரொக்கமாகக் கொடுத்த 140 டாலர் போனது போனதுதான். புதிய போல்ட்டுக்கும் ஃபயரிங் பின்னுக்கும் தனிச் செலவு.

இதே தந்திரத்தோடு வேறு எங்காவது யாராவது மேசை போட்டிருக்கக்கூடும். பெட்டியின் டேப்பை விரல் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். அடியில் அட்டை உரிந்து வெள்ளை நார் தெரிந்தால், அது ஒரு முறைக்கு மேல் பிரித்து ஒட்டிய பெட்டி. பெட்டியின் லாட் எண்ணும் உள்ளே இருக்கும் உறைகளின் லாட் எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன் அவர் எதிரிலேயே சரிபாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் பெட்டியை அவரிடமே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பாட்டிலை நீட்டினால் கையில் வாங்கவே வேண்டாம்.